லேகியக்காரர் கோழிக்கு வைத்த பத்தியம்

உலகத்தில் கோழிக்கு நாடி பார்த்த வைத்தியர் ஒரே ஒருவர்தான். அவரை எனக்குத் தெரியும். இதை யாராவது மறுத்தால், அந்த இன்னொரு வைத்தியரை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தட்டும், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். கோழிக்கு ஏது மணிக்கட்டு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "கையில்லாட்டி என்னுங்க கம்பவுண்டரே, காலு இருக்குதில்ல?" என்றார். கோழியை மடியில் மல்லாத்தி, அதன் காலில் மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் கோழியும் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டு பேரில் யார் வைத்தியர், யார் நோயாளி என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் சந்தை கூடும் ஊர் ஒன்றில் நான் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் மாதத்தில் முக்கால்வாசி நாள் சுற்றுப்பயணத்தில் இருப்பார். மாடுகளுக்கும் எனக்கும் நடுவே வேறு யாரும் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்வீடு லேகியக்காரர் வீடு.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அது தபால்காரருக்குக்கூடத் தெரியாது. கார்டில் 'லேகியக்காரர்' என்று எழுதி ஊர்ப்பெயரைப் போட்டால் வந்து சேர்ந்துவிடும். சந்தை நாளில் புளியமரத்தடியில் தகர டப்பாக்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவார். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு லேகியம், பிள்ளை பெற வேண்டியவளுக்கு ஒரு லேகியம், இரண்டும் இல்லாதவர்களுக்கு இஞ்சி லேகியம். எல்லாம் ஒரே கறுப்பு நிறம். எது எந்த டப்பா என்று அவர் விரலால் தொட்டுத் தின்றுபார்த்துத்தான் சொல்வார்.

அவருடைய உலகத்தில் இரண்டே ஜாதிப் பொருள்கள் உண்டு: சூடு, குளிர்ச்சி. கம்பு குளிர்ச்சி, கொள்ளு சூடு என்பதோடு மனுஷன் நிற்கமாட்டார். நாற்காலி சூடு, பாய் குளிர்ச்சி. சேலத்துக்குப் போகிற பஸ் சூடு, சேலத்திலிருந்து வருகிற பஸ் குளிர்ச்சி. "இரண்டும் ஒரே பஸ்தானே?" என்று ஒரு நாள் கேட்டேன். "போறப்ப வெறும் வயிறு, வாரப்ப சாப்பிட்ட வயிறுங்க," என்றார். இதில் ஏதோ ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றி, இரண்டு நாள் யோசித்தேன். அவரோடு பேசினால் இதுதான் சிக்கல்: கேட்கும்போது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும், வீட்டுக்கு வந்து படுத்தால் சந்தேகம் வந்துவிடும்.

கோழிகள் அவருடையவை அல்ல, அவர் மனைவி பாவாயியுடையவை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாவாயி கண்ணாலம் முடிந்து வரும்போது பிறந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டைக்கோழியை இடுக்கிக்கொண்டு வந்தாள். அதன் பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று ஒன்பது பெட்டைகள் அப்போது முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. கருப்பி, செவலை, கொண்டைச்சி என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. கூப்பிட்டால் அந்தந்தக் கோழிதான் வரும். ஊரில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் இந்த வீட்டிலிருந்து முட்டையும் போகும், லேகியமும் போகும். முட்டை அன்றைக்கே தீர்ந்துவிடும். லேகியம் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறவரை மாடத்தில் இருக்கும்.

நாமக்கல்லில் விவசாயக் காட்சி ஒன்று நடந்தது. லேகியம் விற்கலாம் என்று போனவர் அங்கே ஒரு கூண்டில் வெள்ளைவெளேர் என்று ஒரு சீமைக்கோழியைப் பார்த்துவிட்டார். அது அடைக்கே உட்காராமல் அனேகமாக நாள்தோறும் முட்டை வைக்குமாம். நம் பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் அடை உட்கார்ந்துவிடும். பிறகு குஞ்சு, கொக்கரிப்பு, மூன்று மாதம் கடையடைப்பு. பாவாயி இதைப் பற்றி எப்போதோ அலுத்துக்கொண்டது மனுஷன் காதில் இருந்திருக்கிறது. அவளுக்கு நாள்தோறும் முட்டை கிடைக்கும்படி செய்துவிடுவது என்று அந்தக் கூண்டின் முன்னாலேயே முடிவு கட்டிவிட்டார். காட்சியில் கொடுத்த தீவன நோட்டீசை மடித்து மடியில் செருகிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் அச்சடித்த காகிதத்தில் நம்பிக்கை இல்லை. ஆகவே நான் படிக்க வேண்டும், அவர் நம்பாமல் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"முட்டையிடும் கோழிகளுக்குத் தானியம் மட்டும் போதாது," என்று படித்தேன். "கம்பு அல்லது சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள், கிளிஞ்சல் பொடி, பச்சைக்கீரை இவற்றை அளவோடு கலந்து கொடுக்கவும். மோர் கிடைத்தால் அதையும் வைக்கவும்."

"சித்தெ இருங்க. கருவாடா?"

"கருவாடு."

"மோரா?"

"மோர்."

"ரெண்டுமா?"

"இரண்டும்தான் போட்டிருக்கிறது."

லேகியக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மீனையும் மோரையும் ஒரே வேளையில் சாப்பிட்டால் உடம்பு வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும் என்பது நம் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அப்படிப் போடுங்க! அந்தக் கோழி ஏன் அப்படி வெளுத்துக் கெடக்குதுன்னு வழியெல்லாம் ரோசனை பண்ணிக்கிட்டு வந்தேனுங்க. கருவாட்டையும் மோரையும் ஊத்தி வெளுக்க வெச்சுப் போட்டானுக! பாவம், வாயில்லாச் சீவன்."

"இல்லீங்க, அந்த ஜாதியே வெள்ளைதான். பிறவியிலேயே அப்படித்தான்," என்றேன்.

"குஞ்சுலயே வெள்ளையா?"

இங்கேதான் நான் தவறு செய்தேன். படித்தவன் என்கிற கர்வத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "குஞ்சில் மஞ்சளாக இருக்கும்," என்றேன்.

"மஞ்சளாப் பொறந்தது பொறவு எப்படிங்க வெளுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். புஸ்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்லலாம் என்று திரும்பினேன். என் மேஜையிலிருந்த புஸ்தகங்கள் எல்லாம் மாட்டைப் பற்றியவை.

ஆகவே சர்க்கார் நோட்டீசு தள்ளுபடி. அதில் சூடு, குளிர்ச்சி என்று கட்டம் பிரிக்காததுதான் குறை என்று கண்டுபிடித்தார். தன் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் இரண்டு கட்டம் கட்டினார். 'குளிர்ச்சி' என்ற கட்டத்தில் கம்பு, நொய், தவிடு, தண்டுக்கீரை, மோர். 'சூடு' என்ற கட்டத்தில் புண்ணாக்கு, கிளிஞ்சல், கருவாடு. மேய்ச்சலில் கோழி என்னென்ன தின்னும் என்று பார்த்து எழுத ஒரு நாள் முழுதும் கருப்பியின் பின்னாலேயே திரிந்தார். எறும்பு, புழு, பல்லிவால், கூழாங்கல், கந்தல் துணி என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 'தெரியலை' என்று மூன்றாவது கட்டம் கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கட்டம் சுவர் முடிந்து கதவுவரை வந்துவிட்டது.

சமமான தீவனம் என்றால் என்ன என்று அவர் எனக்கு விளக்கியது இது: முட்டை என்பது வெந்த பொருள். வயிற்றுக்குள்ளே சூடு அதிகமானால் வைப்பதற்கு முன்னாலேயே தீய்ந்துவிடும். ஆகவே சூட்டை அடியோடு நிறுத்திக் குளிர்ச்சியை ஏற்ற வேண்டும். பிறகு லேகியத்தால் வேண்டிய சூட்டை மட்டும் அளந்து உள்ளே விட வேண்டும். "அப்போது சமம் ஆகிவிடுமா?" என்றேன். "ஆகோணுமில்லீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மறுநாள் ஒன்பது கோழிகளையும் கொடாப்பு என்கிற பெரிய மூங்கில் கூடையைப் போட்டு மூடினார். மேய்ச்சல் கிடையாது. காலையில் மோரில் பிசைந்த கம்பும் தவிடும், மத்தியானம் கீரை, சாயங்காலம் சுண்டைக்காய் அளவு லேகியம். ஒவ்வொன்றையும் முதலில் தான் ஒரு வாய் தின்றுபார்ப்பார். வைத்தியன் தின்னாததை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாதாம். அவர் தவிட்டை மென்றுகொண்டு யோசிப்பார், கொடாப்புக்குள்ளிருந்து ஒன்பது கழுத்துகள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் வாரத்தில் முட்டை குறைந்தது. "பழைய சூடு எறங்குதுங்க," என்றார். இரண்டாவது வாரம் பாதியாயிற்று. "எறங்கிக்கிட்டே இருக்குது." மூன்றாவது வாரம் கொண்டைச்சி ஒரு முட்டை வைத்தது. அதில் ஓடே இல்லை. வெறும் தோல், உள்ளங்கையில் வைத்தால் குளுகுளுவென்று ஆடுகிறது. எனக்கு அதைப் பார்க்கவே என்னவோபோல் இருந்தது. மனுஷன் முகத்திலோ தீபாவளி.

"பாத்தீங்களா? உரிக்கிற வேலையே மிச்சமுங்க!"

பாவாயி அப்போது வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். சீவக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து அந்த முட்டையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கருப்பி, செவலை உட்பட எல்லாமே முட்டை வைப்பதை நிறுத்திவிட்டன. கூடை காலி. முட்டை நின்ற அன்றைக்கு எதிர்வீட்டில் கேட்ட சத்தத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

"ஏனுங்க, என் கோழி வந்து உங்ககிட்ட ஒடம்பு சரியில்லைன்னு சொல்லுச்சா?"

"நல்லதுக்குத்தான் புள்ளே பண்ணினேன்."

"நல்லா இருந்ததுக்கு என்னத்துக்குங்க நல்லது? எங்கம்மா குடுத்த கோழி வம்சமுங்க அது. தவிட்டையும் மோரையும் ஊத்தி மலடாக்கிப் போட்டீங்களே!" என்றாள். பிறகு துணிமூட்டையைக் கட்டினாள். "எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். என் கோழி முன்ன மாதிரி என்னிக்கு முட்டை வெக்குதோ அன்னிக்குச் சொல்லி அனுப்புங்க, வாரேன். அதுவரைக்கும் நீங்களும் கோழியும் பத்தியம் இருங்க."

ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து லேகியக்காரருக்கு உலகத்தில் ஒரே காரியம்தான்: முட்டை. முட்டை வந்தால் பெண்டாட்டி வருவாள். சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். தனக்கென்று உலை வைக்கவில்லை. கோழிக்குப் பிசைந்ததில் ஒரு பங்கை எடுத்துத் தின்றுவிட்டுச் சுவருக்கு முன்னால் போய் நிற்பார். கம்பைக் குளிர்ச்சியிலிருந்து அழித்துச் சூட்டில் எழுதுவார். மறுநாள் சூட்டிலிருந்து அழித்துக் குளிர்ச்சியில் எழுதுவார். "ஏனுங்க கம்பவுண்டரே, மோரு புளிச்சாச் சூடா, குளிர்ச்சியா?" என்று நான் மாட்டு வாயைத் திறந்து மருந்து ஊற்றும் சமயத்தில் வந்து கேட்பார். எனக்கும் அவருக்கும் மாட்டுக்கும் ஒருசேரக் குழப்பம். புண்ணாக்கு, கிளிஞ்சல் என்று நான் வாயெடுத்தால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வார்.

கோழிகள் தங்கள் வைத்தியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தீர்மானித்தன. ஒரு நாள் கொடாப்பு கவிழ்ந்திருந்தது. ஒன்பதும் அடுத்த சந்தில் இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டன. அங்கே வரிசையாக நின்று சுவரைத் தின்றுகொண்டிருந்தன. பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு, ஒரு முழ உயரத்துக்குச் சுற்றிலும் காணோம். பூசை செய்யும் பண்டாரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கோயிலத் தின்னுதுங்க!" என்றார் என்னிடம். "நாப்பது வருசமாப் பாக்கறேன், இப்படி ஒரு பக்தி நான் பாத்ததில்லை."

இதற்கு இரண்டு நாள் கழித்து லேகியக்காரர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். உள்ளே வைக்கோல், அதற்குள் ஒரு முட்டை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "கருப்பி வெச்சுதுங்க," என்றார். "நீங்க கொண்டுபோய் அவகிட்டக் காட்டிக் கூட்டிக்கிட்டு வாங்க."

"நீங்களே போகலாமே?"

"எனக்குச் சேலத்து பஸ் சூடுங்க."

எனக்குச் சந்தோஷம்; கள்ளம் கபடு தெரியவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, முட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். பாவாயி அண்ணன் வீட்டில் நெசவு. வாசலெல்லாம் பாவு நீட்டியிருந்தது. பாவாயி முட்டையைக் கையில் வாங்கினாள். ஒரு முறை உருட்டினாள். வெயிலுக்கு நேரே பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் அந்த முட்டையை வைத்தவன்போல் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"இது எந்தக் கோழிங்க சாமி?"

"கருப்பி என்று சொன்னார்."

"கருப்பி முட்டை ஒரு பக்கம் கூர்ப்பா இருக்கும். செவலை முட்டை லேசாச் செவந்து இருக்கும். இது சந்தை முட்டைங்க. அதுலயும் பழசு." அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் முந்தானை கண்ணுக்குப் போனது. "பொய் சொல்லக்கூட அந்த மனுசனுக்கு நல்ல முட்டையாப் பாத்து வாங்கத் தெரியலை பாருங்க."

நான் எழுந்தேன். வாசல்வரை வந்தவள் தயங்கி, "கறையான் பானை வெக்கறாருங்களா?" என்று கேட்டாள். எனக்கு அது என்ன என்றே தெரியவில்லை. அவள் சொன்னாள். பழைய மண்பானையில் காய்ந்த சாணி, வைக்கோல், கோணிக்கிழிசல் போட்டு அடைத்து, தண்ணீர் தெளித்து, புற்று மண் இருக்கிற இடமாகப் பார்த்துச் சாயங்காலம் கவிழ்த்துவிட வேண்டும். காலையில் நிமிர்த்தினால் பானை நிறையக் கறையான். கோழிகளுக்குக் கொட்டினால் அடித்துக்கொண்டு தின்னும். நாள் தவறாமல் அவள் வைத்துக்கொண்டிருந்தாளாம். பத்தியம் ஆரம்பித்த அன்றைக்கு முதல் வேலையாக அவர் அந்தப் பானையைத்தான் உடைத்தாராம். கறையான் பாம்புப் புற்றில் இருப்பது. ஆகவே சூட்டிலும் சூடு.

ஊருக்குத் திரும்பியதும் லேகியக்காரரிடம் பானையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பாவாயி கண்டுபிடித்துவிட்டாள்," என்று மட்டும் சொன்னேன். "கூர்ப்பு இல்லைன்னு சொன்னாளா?" என்றார். தெரிந்தே அனுப்பியிருக்கிறார்! தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே மாட்டாஸ்பத்திரிக்குப் பின்புறம் ஒரு பானையைக் கவிழ்த்தேன். லேகியக்காரர் விடியற்காலையில் மூலிகை பறிக்க வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பக்கம் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து, பானையைத் தூக்கிக்கொண்டுபோய் கொடாப்புக்குள் கொட்டினேன். கோழிகள் பாய்ந்த பாய்ச்சலில் என் வேட்டி நுனி கிழிந்தது. இப்படியே தினமும் செய்தேன். கறையான்களுக்கும் ஆஸ்பத்திரி பிடித்துப்போய், பானையில் இடம் போதாமல் அலமாரிக்குள் புகுந்து, கோமாரி கண்ட மாடுகளின் பதிவேட்டில் மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டன. டாக்டர் சுற்றுப்பயணத்திலிருந்து வந்து கேட்டபோது, நம் வட்டாரத்தில் கோமாரியே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இதில் ஒன்று எனக்குப் புரியவில்லை. முதல் வாரம் கறையானை மண்ணோடு விழுங்கிய கோழிகள், இரண்டாவது வாரம் நான் போகும்போதே கழுத்தடியில் இரைப்பை புடைத்து, ஏப்பம் விடுகிற தினுசில் நின்றன. கொடாப்பைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தூள் சிந்தியிருந்தது. கடலையெண்ணெய் வாடை வேறு. லேகியக்காரர் இரகசியமாக ஏதாவது பலகாரம் செய்கிறாரோ என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடிவந்தார். வழியில் கட்டியிருந்த எருமையைத் தாண்டினார், சுற்றிக்கொண்டு வரத் தோன்றவில்லை. கைக்குள் ஒரு முட்டை. ஒரு பக்கம் கூர்ப்பு. தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிற கெட்டி ஓடு. "கருப்பிங்க! நெசமாலுமே கருப்பிங்க! என் கண்ணு முன்னாலயே வெச்சுதுங்க!" என்று குதித்தார். மறுநாள் செவலை வைத்தது. அதற்கடுத்த நாள் கூடையில் நாலு முட்டை.

ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. லேகியக்காரர் ஒரு டப்பாவை உயர்த்திப் பிடித்து, "நெம்ப நாளாச்சு, இந்த லேகியத்துக்குக் கோழி வழிக்கு வர..." என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் நின்ற, ஊருக்குக் கடலையெண்ணெய் ஆட்டும் செக்குக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"லேகியமாவது! நான் பதினஞ்சு நாளாக் கடலைப் புண்ணாக்கு ஊற வெச்சுக் கொண்டாந்து போடறேனுங்க. பாவாயக்கா இல்லாம ஊடு ஊடா இல்லையேன்னு வெசனப்பட்டுப் போட்டேன்."

"நீ போட்டியா?" என்று பண்டாரம் திரும்பினார். "அப்ப என் கிளிஞ்சல்? கோயில் செவுரு மிச்சப்படட்டும்னு, சுண்ணாம்புச் சூளைலருந்து கிளிஞ்சல் வாங்கி இடிச்சு இடிச்சு என் தோளே எறங்கிப் போச்சு!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. கறையானை ஒப்புக்கொண்டேன்.

பிறகு மூன்று பேரும் சண்டை போட்டோம். புண்ணாக்கு இல்லாமல் கறையானால் என்ன பிரயோஜனம் என்றார் செக்குக்காரர். ஓடு யார் கொடுத்தது என்றார் பண்டாரம். மோரும் கம்பும் கீரையும் லேகியக்காரர் போட்டிருக்காவிட்டால் இதெல்லாம் எங்கே நிற்கும் என்று நான் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கம்பு, தவிடு, கீரை, மோர், புண்ணாக்கு, கிளிஞ்சல், கருவாட்டுக்குப் பதில் கறையான்! அந்தச் சர்க்கார் நோட்டீசில் இருந்த தீவனத்தை நாலு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் கலந்து முடித்திருந்தோம்.

"அப்ப என் லேகியம்?" என்றார் லேகியக்காரர்.

டப்பா இன்னும் அவர் கையில் உயரத்திலேயே இருந்தது. பண்டாரம்தான், "அதுவுந்தானுங்க," என்றார். அதில் பலம் இல்லை.

நான் விஞ்ஞான முறையில் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம், எதை நிறுத்தும்போது முட்டை நிற்கிறதோ அதுதான் மருந்து என்றேன். அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. ஒண்ணையும் நிறுத்தாதீங்க. எந்த மருந்து கேட்டுச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். புண்ணாக்கு, கறையான், எல்லாஞ் சூடாவே இருந்து போகட்டும். அவ வாரவரைக்கும் யாரும் கையை நிறுத்தாதீங்க."

தன் வாழ்நாள் வைத்தியத்தை ஒரு மனுஷன் இப்படி ஒரே வார்த்தையில் விட்டுக்கொடுத்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் சண்டை பாதியில் நின்றுவிட்டது.

மறுபடியும் வைக்கோல், மறுபடியும் பெட்டி, மறுபடியும் நான். ஆட்டையாம்பட்டியில் பாவாயி முட்டையைக் கையில் வாங்கக்கூட இல்லை. பார்த்த மாத்திரத்தில், "கருப்பி!" என்றாள். அண்ணி ஊற்றிய காப்பியைக் குடிக்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் நிற்குமிடத்துக்கு வந்துவிட்டாள். ஊர் எல்லை வந்ததும், "நெம்ப எளைச்சுட்டாருங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீட்டு வாசலில் செக்குக்காரரும் பண்டாரமும் காத்திருந்தார்கள். தீர்ப்புக்காக நிற்கிறார்களாம். "பாவாயக்கா, நீயே சொல்லு. கோழிக்கு எது கேட்டுச்சு?" என்றார் செக்குக்காரர். லேகியக்காரர் கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். அங்கராக்குச் சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாவாயி கரிக்கட்டங்களை ஒரு முறை பார்த்தாள், அவரை ஒரு முறை பார்த்தாள்.

"கோழிக்கு எது கேட்டுச்சோ எனக்குத் தெரியாதுங்க," என்றாள். பிறகு குரல் அவர் பக்கம் திரும்பியது. "ஏனுங்க, நான் வாரதுக்கு முட்டை எதுக்குங்க? நீங்க ஒரு நாளு எங்கண்ணன் வாசல்ல வந்து நின்னு, 'வா புள்ளே, போலாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பேனில்ல?"

லேகியக்காரர் விழித்தார். எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்று தெரியாத முழி.

"நீ முட்டைன்னுதானே சொன்னே?"

"சொன்னேன்."

"அப்ப நான் முட்டைதானே தேடோணும்?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உன் கோழியக் கெடுத்தது நாந்தானே புள்ளே. அதச் சரி பண்ணாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து நிப்பேன்?"

பாவாயி மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். அரிசி களைகிற சத்தம் கேட்டது. செக்குக்காரர் என்னைப் பார்த்தார், நான் பண்டாரத்தைப் பார்த்தேன். புண்ணாக்கு, கிளிஞ்சல், கறையான் வழக்கை அப்படியே விட்டுவிட்டு மூன்று பேரும் சத்தமில்லாமல் நழுவிவிட்டோம்.

அந்தக் கோழிகளை முட்டையிட வைத்தது எது என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய டாக்டர்களிடம் கைகட்டி வேலை பார்த்திருக்கிறேன். தான் கெடுத்ததைச் சரி செய்கிறவரை தனக்கென்று ஒரு கைப்பிடி சோறு பொங்கிக்கொள்ளாத வைத்தியர் அவர் ஒருவர்தான். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.